கலாநிதிப் பட்ட ஆய்வும் சுயாதீன ஆலோசனைக் குழுவும்

பல்கலைக்கழகமொன்றில் முதற் பட்டத்திற்காகப் பயிலும் மாணவர் மூன்று அல்லது நான்கு வருடங்களில் பல விரிவுரையாளர்களிடம் பாடம் கேட்கின்றார். அவர்களுள் ஒருவருக்கு அவரைப் பிடிக்காமற் போனாலும் மற்றையோர் இருக்கின்றனர். ஒரு பாடத்தில் தவறினால் அடுத்த வருடம் மீண்டும் தோற்றலாம். அதே மாணவர் கலாநிதிப் பட்டத்திற்கென ஆய்வு மாணவராகப் பதிவு செய்துகொண்டதும் நிலைமை முற்றாக மாறிவிடுகின்றது. அன்றிலிருந்து அவரது எதிர்காலம் பெரும்பாலும் ஒரேயொரு மனிதரின் கையில் தங்கிவிடுகின்றது. ஆய்வுத் தலைப்பை ஏற்பவரும், எழுதிய அத்தியாயங்களை வாசிப்பவரும், "போதும், இனிச் சமர்ப்பிக்கலாம்" என்று சொல்பவரும், பின்னர் தொழிலுக்குச் சான்றுக் கடிதம் எழுதுபவரும் அந்த ஒருவரே. மேற்பார்வையாளர் என்று நாம் அழைக்கும் அவர் நல்லவராகவும் நேரமுள்ளவராகவும் அமைந்துவிட்டால் மாணவர் அதிர்ஷ்டசாலி. அவ்வாறு அமையாவிடின்?

இந்தக் கேள்விக்கு உலகின் பல பல்கலைக்கழகங்கள் கண்டுள்ள விடைகளுள் ஒன்றுதான் சுயாதீன ஆய்வேட்டு ஆலோசனைக் குழுவாகும். மேற்பார்வையாளரைத் தவிர வேறு இருவர் அல்லது மூவர் குறிப்பிட்ட கால இடைவெளியில் மாணவரைச் சந்தித்து, ஆய்வு எந்த நிலையில் நிற்கின்றது என்பதைக் கேட்டறிந்து, எழுத்தில் பதிவு செய்யும் ஒழுங்கு இது. கேட்பதற்கு மிகச் சாதாரணமானதாகத் தோன்றும் இந்த ஒழுங்கு ஏன் தேவைப்பட்டது, அது உண்மையில் எவ்வாறு செயற்படுகின்றது, நமது பல்கலைக்கழகங்களில் அதற்கு என்ன இடமுண்டு என்பவற்றை இங்கு சற்று விரிவாக நோக்குவோம்.

இன்றைய கலாநிதிப் பட்டம் ஜேர்மனியில் உருப்பெற்றது. 1810 ஆம் ஆண்டில் பேர்லின் பல்கலைக்கழகம் தாபிக்கப்பட்டதையடுத்து, ஏற்கனவே உள்ள அறிவை ஒப்புவிப்பதை விடப் புதிய அறிவை ஆக்குவதே பட்டத்திற்குரிய தகுதி என்ற கருத்து வலுப்பெற்றது. ஐக்கிய அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861 இல் முதலாவது கலாநிதிப் பட்டங்களை வழங்கியது. பிரித்தானியாவில் ஒக்ஸ்போர்ட் 1917 இல் தான் இப்பட்டத்தை ஏற்படுத்தியது. அங்கிருந்தே இம்முறை நமது நாட்டிற்கும் வந்து சேர்ந்தது. நமது தமிழ்ப் பேராசிரியர்களின் முதல் தலைமுறையினரான க. கணபதிப்பிள்ளையும் சு. வித்தியானந்தனும் லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்கள். அடுத்த தலைமுறையில் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கவியல் அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையில் ஆய்வு செய்தனர். ஒரு ஆசான், ஒரு மாணவர் என்ற அந்த நெருக்கமான உறவு அவர்கள் விடயத்தில் எத்தகைய அறுவடையைத் தந்தது என்பதைத் தமிழ் உலகம் அறியும். எனவே தனி மேற்பார்வை முறை இயல்பிலேயே தீயது என்று நாம் கூற வரவில்லை. அது நன்றாக அமையும்போது அதற்கு ஈடானது வேறொன்றில்லை. ஆனால் அது பழுதுபடும்போது அந்தப் பழுதை வெளியிலிருந்து பார்ப்பதற்கு ஒருவருமில்லை என்பதே பிரச்சினை.

ஜேர்மனியில் மேற்பார்வையாளரை "கலாநிதித் தந்தை" என்ற பொருள்படும் சொல்லால் அழைப்பது வழக்கம். அந்தச் சொல்லில் பாசமும் உண்டு, அதிகாரமும் உண்டு. விஞ்ஞானத் துறைகளில் ஆய்வு மாணவர் பெரும்பாலும் அந்தப் பேராசிரியரின் திட்ட நிதியிலிருந்தே சம்பளம் பெறுகின்றார். ஆய்வேடு முடிந்ததும் அதனை மதிப்பிட்டுப் புள்ளியிடும் முதலாவது பரீட்சகராகவும் அநேகமாக அதே பேராசிரியரே இருக்கின்றார். வேலை கொடுப்பவர், வழிகாட்டுபவர், தீர்ப்பளிப்பவர் ஆகிய மூன்று பாத்திரங்களும் ஒருவரிடமே குவிந்துள்ளன. தந்தையோடு முரண்பட்ட பிள்ளை அயல் வீட்டுக் கதவைத் தட்டலாம். இந்தத் தந்தையோடு முரண்பட்டவருக்கு அதுவும் இல்லை. பிரித்தானிய முறை இதில் ஓரளவு மேலானது. அங்கு மேற்பார்வையாளர் பரீட்சகராக அமர்வதில்லை. மாணவர் முதலில் முதுதத்துவமாணிப் பட்டத்திற்குப் பதிவாகி, ஏறத்தாழ ஒரு வருடத்தின் பின்னர் வேறு ஆசிரியர்களின் மதிப்பீட்டுக்கு உட்பட்டே கலாநிதிப் பட்ட நிலைக்கு உயர்த்தப்படுகின்றார். ஆனால் அந்த ஒரு தடவைக்குப் பின்னர், இறுதி வாய்மொழிப் பரீட்சை வரையிலான நீண்ட இடைவெளியில் அவரும் தனித்தே விடப்படுகின்றார்.

1998 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் துறையில் 26 வயதான ஆய்வு மாணவர் ஒருவர் தமது உயிரை மாய்த்துக்கொண்டார். உலகப் புகழ்பெற்ற ஆய்வுகூடமொன்றில் பல வருடங்களாகக் கடினமான ஒரு மூலக்கூற்றை ஆக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தவர் அவர். அவர் விட்டுச் சென்ற கடிதத்தில், ஆய்வு மாணவர்களின் வாழ்வு மீது பேராசிரியர்களுக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் இருப்பதாகவும், ஒவ்வொரு மாணவருக்கும் மூவர் கொண்ட ஆலோசனைக் குழுவொன்று இருந்திருந்தால் தம்மைப் போன்றோருக்குப் பாதுகாப்பு இருந்திருக்கும் எனவும் குறிப்பிட்டிருந்தார். ஒரு மனிதரின் இத்தகைய முடிவுக்கு ஒரேயொரு காரணத்தைச் சுட்டுவது சரியன்று. அப்பேராசிரியர் மீது பழி சுமத்துவதும் நமது நோக்கமன்று. ஆனால் அந்தக் கடிதம் கேட்டது பழிவாங்கலை அல்ல, ஒரு நிருவாக ஒழுங்கை என்பது சிந்திக்கத்தக்கது. அதனையடுத்து அத்துறை, மாணவர்கள் மேற்பார்வையாளருக்கு மேலதிகமாக இன்னும் இரு பேராசிரியர்களை ஆலோசகர்களாகக் கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது.

இது ஒரு தனி மனிதரின் துயரம் மட்டுமன்று. "நேச்சர்" விஞ்ஞான சஞ்சிகை 2019 இல் உலகளாவிய ரீதியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வு மாணவர்களிடம் நடத்திய கருத்தாய்வில் நூற்றுக்கு 36 பேர், தமது ஆய்வுப் படிப்பினால் ஏற்பட்ட பதகளிப்புக்கோ மனச்சோர்வுக்கோ உதவி நாடியதாகத் தெரிவித்திருந்தனர். வட அமெரிக்கப் பட்டப்பின் படிப்புப் பாடசாலைகளின் பேரவை 2008 இல் வெளியிட்ட கணிப்பின்படி, கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவு செய்தோரில் பத்து வருடங்கள் கழிந்த பின்பும் ஏறத்தாழ நூற்றுக்கு 57 பேரே பட்டம் பெற்றிருந்தனர். மனிதப் பண்பியல் துறைகளில் இத்தொகை பாதிக்கும் சற்றுக் குறைவு. முதற் பட்டத்தில் முதல் வகுப்பில் தேறியவர்களே பெரும்பாலும் இப்படிப்புக்கு வருகின்றனர் என்பதை நினைவிற்கொண்டால், ஏறக்குறைய பாதிப்பேர் வெறுங்கையுடன் திரும்புவதற்கு அவர்களது அறிவுக் குறைவைக் காரணமாகக் காட்ட முடியாது.

ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரைத் தலைமையகமாகக் கொண்ட ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடம் 1983 இல் தனது கலாநிதிப் பட்டத் திட்டத்தை ஆரம்பித்தது. 2000 ஆம் ஆண்டில் மக்ஸ் பிளாங்க் சங்கம் தனது சர்வதேச ஆராய்ச்சிப் பாடசாலைகளைத் தொடங்கியது. ஆலோசனைக் குழுவைக் கலாநிதிப் படிப்பின் நிரந்தர அங்கமாக்கிய நிறுவனங்களுள் இவை முக்கியமானவை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் 2005 இல் சால்ஸ்பேர்க் நகரில் கூடி வகுத்துக்கொண்ட பத்துக் கோட்பாடுகளில், மாணவர், மேற்பார்வையாளர், நிறுவனம் ஆகிய முத்தரப்பினதும் பொறுப்புகள் வெளிப்படையாக வரையறுக்கப்பட வேண்டும் என்பதும் ஒன்றாகும்.

பின்னர் ஜேர்மனிக்கு ஒரு பெரும் அவமானம் நேர்ந்தது. 2011 பெப்ரவரியில் அந்நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் கார்ல் தியோடோர் சூ குட்டன்பேர்க்கின் கலாநிதிப் பட்டம், ஆய்வேட்டின் பெரும் பகுதி பிறரது எழுத்துகளிலிருந்து எடுக்கப்பட்டமை அம்பலமானதால் பைரொய்த் பல்கலைக்கழகத்தினால் மீளப் பெறப்பட்டது. அவர் பதவி விலகினார். 2013 இல் கல்வி அமைச்சரின் பட்டமே பறிபோனது. அமைச்சர்களைப் பற்றிய கேலிகள் ஓய்ந்த பின்னர் எஞ்சிய கேள்வி பல்கலைக்கழகங்களைப் பற்றியதாக இருந்தது: இத்தனை வருடங்களாக இந்த ஆய்வுகளை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? ஜேர்மனியின் விஞ்ஞானப் பேரவை 2011 நவம்பரில் வெளியிட்ட பரிந்துரைகளில், எழுத்து மூலமான மேற்பார்வை உடன்படிக்கையும், தனி மேற்பார்வையாளருக்கு அப்பால் பொறுப்பேற்கும் குழுக்களும் வலியுறுத்தப்பட்டன. வருடந்தோறும் மூவர் முன்னிலையில் தமது வாதத்தைத் தாமே விளக்க வேண்டிய ஒருவருக்கு, இரவல் பந்திகளால் முழு ஆய்வேட்டையும் கட்டியெழுப்புவது அத்தனை எளிதாயிருக்காது என்பதே இதன் பின்னாலிருந்த எண்ணம்.

இனி, இக்குழு உண்மையில் எவ்வாறு கூடுகின்றது என்று பார்ப்போம். குழுவின் பெயரில் பயன் ஏதுமில்லை. அதன் நடைமுறையில் உள்ள சிறு சிறு விபரங்களிலேயே அனைத்தும் தங்கியுள்ளது.

கூட்டத்துக்கு ஒன்றிரண்டு வாரங்களுக்கு முன்னர் மாணவர் சில பக்கங்களில் ஒரு அறிக்கையை எழுதி அனுப்புகின்றார். கடந்த கூட்டத்தில் எதைச் செய்வதாகச் சொன்னோம், எதைச் செய்தோம், எது பலிக்கவில்லை, அடுத்த வருடத்திற்கான திட்டம் என்ன என்பவையே அதன் உள்ளடக்கம். பல மாணவர்கள் கூட்டத்தை விட இந்த அறிக்கையே தமக்கு அதிகம் உதவியதாகக் கூறுவர். தலைக்குள் தெளிவாக இருப்பதாக எண்ணியது தாளில் இறங்கும்போது எத்தனை ஓட்டைகளுடன் இருக்கின்றது என்பது எழுதும்போதுதான் தெரிய வருகின்றது. கூட்டத்தில் மாணவர் அரை மணி நேரமளவில் பேசுகின்றார். உறுப்பினர்கள் இடையிட்டுக் கேள்வி கேட்கின்றனர். இது பரீட்சையன்று, புள்ளிகள் இல்லை.

அதன் பின்னர் வரும் பகுதியே மிக முக்கியமானது. மேற்பார்வையாளர் அறையை விட்டு வெளியேறுகின்றார். குழு உறுப்பினர்கள் மாணவருடன் மட்டும் உரையாடுகின்றனர். மேற்பார்வையாளரைச் சந்திக்க முடிகின்றதா, எழுதிக் கொடுத்ததை எத்தனை நாட்களில் வாசித்துத் தருகின்றார், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத வேலைகள் சுமத்தப்படுகின்றனவா, வீட்டில் நிலைமை எப்படி, பணக் கஷ்டம் உண்டா என்ற கேள்விகள் அங்கு எழுகின்றன. அடுத்து மாணவர் வெளியேற, மேற்பார்வையாளர் உள்ளே வந்து தமது பக்கத்தைச் சொல்கின்றார். அவருக்கும் குறைகள் இருக்கலாம். மாதக் கணக்காகத் தலைகாட்டாத மாணவர்களும் உலகில் உளரே.

இந்தத் தனிச் சந்திப்பு, கேட்டால் மட்டும் கிடைக்கும் சலுகையாக இருக்கக் கூடாது. அவ்வாறு இருப்பின், "மேற்பார்வையாளர் வெளியே செல்லட்டும்" என்று கேட்பதே ஒரு முறைப்பாடாகிவிடும்; எந்த மாணவரும் அதைக் கேட்கத் துணியார். எல்லா மாணவருக்கும், எல்லாக் கூட்டத்திலும், சொல்வதற்கு ஒன்றுமில்லாதபோதும், அது நடந்தேயாக வேண்டும். மகிழ்ச்சியான மாணவரும் பத்து நிமிடம் தனியே பேசினால்தான், துன்பப்படும் மாணவர் பத்து நிமிடம் தனியே பேசியது ஒருவருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. இந்த முறைமையில் நாம் கண்ட மிகவும் நுட்பமான அம்சம் இதுவே. குழுவின் தலைவராக மேற்பார்வையாளர் அமரக் கூடாது என்பதும், குறிப்பை அவர் எழுதக் கூடாது என்பதும் இதே காரணத்தினாலாகும்.

இறுதியாக ஒரு பக்கத்தில் முடிவு எழுதப்படுகின்றது. தொடரலாம், அல்லது இன்ன மாற்றங்களுடன் தொடர்ந்து ஆறு மாதங்களில் மீண்டும் சந்திக்க வேண்டும், அல்லது இந்த ஆய்வு கலாநிதிப் பட்டத்துக்குப் போதாது, முதுதத்துவமாணிப் பட்டத்துடன் நிறைவு செய்வது நல்லது. மூன்றாவது முடிவு கொடூரமானதாகத் தோன்றலாம். ஆனால் இரண்டாவது வருடத்தில் சொல்லப்படும் கசப்பான உண்மை, ஏழாவது வருடத்தில் சொல்லப்படுவதை விட எவ்வளவோ கருணையுள்ளது. அந்த ஒரு பக்கத்தில் அனைவரும் ஒப்பமிட, பிரதியொன்று மாணவருக்கும், மற்றொன்று பட்டப்பின் படிப்புகளுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கும் செல்கின்றது. மூன்று பேர் மூன்று திசைகளைக் காட்டினால் மாணவர் என்ன செய்வார் என்று கேட்போர் உளர். அதற்காகவே ஒரே அறிக்கை, ஒரே முடிவு என்ற நிபந்தனை. கருத்து வேறுபாட்டைத் தீர்த்துக்கொண்டு எழுதுவது குழுவின் வேலை. மாணவரின் தலையில் அதை ஏற்றுவதல்ல.

இதன் பயனை ஓர் உதாரணத்தினால் விளக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் படுகை நீரில் விவசாய உரங்களினால் நைத்திரேற்று கலப்பதைப் பற்றி ஒருவர் ஆய்வு செய்ய முற்படுவதாக வைத்துக்கொள்வோம். அவரது மேற்பார்வையாளர் புவியியல் துறையைச் சேர்ந்தவர். முதலாவது வருடம் ஐம்பது கிணறுகளிலிருந்து கோடை காலத்தில் மட்டும் நீர் மாதிரி எடுக்கப்படுகின்றது. குழுவில் ஒரு புள்ளிவிபரவியலாளர் இருந்தால், அந்தக் கிணறுகள் எந்த அடிப்படையில் தெரிவு செய்யப்பட்டன என்று முதற் கூட்டத்திலேயே கேட்பார். ஓர் இரசாயனவியலாளர் இருந்தால், மாரி மழைக்குப் பின்னர் அளவு மாறுமே, அதை ஏன் அளக்கவில்லை என்பார். இரண்டும் அன்று சரிசெய்யக் கூடியவை. குழு இல்லாதபோது இதே கேள்விகள் ஐந்தாவது வருடத்தில் வெளிவாரிப் பரீட்சகரிடமிருந்து வருகின்றன. அப்போது கடந்து சென்ற மாரிகளை மீட்டெடுக்க எவராலும் முடியாது. அவ்வாறே காதி நீதிமன்ற வழக்குகளை ஆராயும் ஒரு மாணவிக்கு, சட்டம் அறிந்த ஒருவரும் சமூகவியல் அறிந்த ஒருவரும், முடிந்தால் ஒரு பெண் ஆய்வாளரும் குழுவில் இருப்பது, எந்தப் பதிவுகளை எவ்வாறு பெறுவது, சாட்சியமளித்த பெண்களின் அடையாளத்தை எவ்வாறு காப்பது என்ற சிக்கல்களை முன்கூட்டியே தீர்க்க உதவும். குழுவினர் அனைவரும் அதே தலைப்பின் நிபுணர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. சொல்லப் போனால், எதுவும் தெரியாதவர் கேட்கும் "ஏன்?" என்ற கேள்வி சில வேளைகளில் நிபுணரின் அறிவுரையை விட ஆழமாகத் தைக்கும்.

அடுத்தது சுயாதீனம். இது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு மிகக் கடினம். குழு உறுப்பினர் மேற்பார்வையாளருடன் கூட்டாக ஆய்வுக் கட்டுரை எழுதுபவராகவோ, ஒரே திட்ட நிதியைப் பகிர்பவராகவோ, பதவி உயர்வுக்கு அவரது தயவை எதிர்பார்ப்பவராகவோ, அவரிடமே முன்னர் படித்தவராகவோ இருந்தால் அக்குழு பெயரளவிலானதே. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் பாயிரம் கூறும். இதற்கு நச்சினார்க்கினியர் சொல்லும் கதையை நம்மில் பலர் பள்ளியில் கேட்டிருப்போம். மாணவர் தொல்காப்பியர் மீது ஆசான் அகத்தியருக்குக் கோபம். அந்நூலைக் கேட்க வேண்டாமென அதங்கோட்டாசானுக்கு அவர் கட்டளையிடுகின்றார். அதங்கோட்டாசானும் அகத்தியரின் மாணவரே. ஆசானையும் மீற முடியாது, உடன் பயின்றவரையும் கைவிட முடியாது. ஈற்றில் நூலைக் கேட்டு, குற்றம் கூறிக்கொண்டே போக, தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடையளித்ததாகக் கதை முடிகின்றது. கதை வரலாறா என்பது வேறு விடயம். ஆசானின் கோபமும், சோதிப்பவரின் சங்கடமும், நடுவில் நிற்கும் மாணவரின் நிலையும் நமக்குப் புதியனவல்ல என்பதை மட்டும் குறிப்பிடுகின்றோம். இஸ்லாமியக் கல்வி மரபிலும் "இஜாஸா" ஆசான் தனிப்பட மாணவருக்கு வழங்கும் அனுமதியே. ஆனால் அக்கால மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று பல ஆசான்களிடம் இஜாஸா பெறுவதைப் பெருமையாகக் கருதினர். ஒருவரின் வாக்கை மட்டும் நம்பியிருக்கலாகாது என்ற எச்சரிக்கை அம்மரபிலும் இருந்ததாகவே நாம் இதனைக் காண்கின்றோம்.

அயலில் இந்தியாவின் அனுபவம் நமக்குப் பாடமாக அமையக் கூடியது. அங்கு பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகள், ஒவ்வொரு ஆய்வு மாணவருக்கும் ஆய்வு ஆலோசனைக் குழுவொன்று இருக்க வேண்டுமெனவும், ஆறு மாதத்திற்கு ஒரு தடவை மாணவர் அதன் முன் தோன்றி முன்னேற்றத்தை விளக்க வேண்டுமெனவும் விதித்தன. 2022 ஆம் ஆண்டின் விதிகளிலும் ஒவ்வொரு அரையாண்டுப் பருவத்திலும் இது தொடர்கின்றது. ஒரு பேராசிரியர் ஒரே வேளையில் எட்டுப் பேருக்கு மேல் மேற்பார்வை செய்யலாகாது என்ற கட்டுப்பாடும் உண்டு. காகிதத்தில் இதை விடச் சிறந்த ஏற்பாடு இருக்க முடியாது. ஆயினும் பல இடங்களில் இக்கூட்டம் வெறும் சம்பிரதாயமாகிவிட்டது என்ற முறைப்பாடு அங்கு பரவலாக ஒலிக்கின்றது. வழிகாட்டியே குழுவை அழைக்கின்றார்; அவரது நண்பர்களே வருகின்றனர்; தேநீர் ஏற்பாட்டைச் செய்யும் பொறுப்பும் மாணவரின் தலையில் விழுகின்றது; ஒப்பமிட்டதும் அனைவரும் கலைகின்றனர். மேற்பார்வையாளரை வெளியே அனுப்பும் அந்தப் பத்து நிமிடம் அங்கு விதியாக இல்லை. விதியில் கூட்டத்தின் எண்ணிக்கை இருக்கின்றது. கூட்டத்தின் உயிர் இல்லை.

இலங்கையின் நிலைமை என்ன? தேசியத் தகைமைச் சட்டகத்தில் கலாநிதிப் பட்டம் பன்னிரண்டாவது, அதாவது அதியுயர் மட்டத்தில் வைக்கப்பட்டு, குறைந்தது மூன்று வருட முழுநேர ஆய்வு எதிர்பார்க்கப்படுகின்றது. நமது பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவர் அரையாண்டுக்கு ஒரு தடவை முன்னேற்ற அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். ஆனால் அந்த அறிக்கை மேற்பார்வையாளரின் ஊடாகவே, அவரது ஒப்பத்துடனேயே செல்கின்றது. மேற்பார்வையாளரைப் பற்றிய குறையை மேற்பார்வையாளரே கையளிக்கும் படிவத்தில் யார் எழுதுவார்? நாம் அறிந்த ஆய்வு மாணவி ஒருவர் தாம் கொடுத்த இரு அத்தியாயங்கள் வாசிக்கப்படுவதற்குப் பதினான்கு மாதங்கள் காத்திருந்தார். அந்தப் பதினான்கு மாதங்களுக்குள் சமர்ப்பித்த படிவங்களிலும் "முன்னேற்றம் திருப்திகரமானது" என்றே எழுதப்பட்டிருந்தது. அவரும் ஒப்பமிட்டிருந்தார். நிலையான கால அட்டவணையில் கூடும் வெளியார் ஒருவர் அவரிடம் நேரடியாகக் கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும்.

நமது நாட்டில் இது தனிப்பட்ட மாணவரின் கவலையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. இங்கு ஆய்வு மாணவர்களில் கணிசமானோர் ஏற்கனவே பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளராக இருப்போர். பட்டப்பின் தகைமை பெறாவிடின் பதவி நிரந்தரமாக்கலும் உயர்வும் தடைப்படும். சம்பளத்துடனான கற்கை விடுமுறையில் செல்பவர்கள் பிணைமுறியில் ஒப்பமிடுகின்றனர். படிப்பை முடிக்காவிடின் பணத்தைத் திருப்பிச் செலுத்த நேரிடும். பிணையாளிகளாக ஒப்பமிட்ட உறவினர்களும் நண்பர்களும் கூட அதில் சிக்கிக்கொள்வர். அவர் விடுமுறையில் இருக்கும் காலத்தில் அவரது பாடங்களை மற்றையோர் சுமக்கின்றனர். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ திருநெல்வேலியிலோ ஒரு துறையில் ஆறேழு ஆசிரியர்களே இருக்கும்போது, ஒருவரின் ஆய்வு நான்கு வருடத்திற்குப் பதில் எட்டு வருடம் இழுபட்டால் அதன் விலையை அங்குள்ள இளநிலை மாணவர்கள் கொடுக்கின்றனர்.

2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இன்னொரு பிரச்சினை கூர்மையடைந்துள்ளது. விரிவுரையாளர்களும் பேராசிரியர்களும் பெருமளவில் நாட்டை விட்டு வெளியேறினர். அவர்களின் மேற்பார்வையில் இருந்த மாணவர்கள் நடுவழியில் நின்றனர். தொலைவிலிருந்து மின்னஞ்சல் மூலம் தொடர்பு வைத்திருந்தோரும் உளர், மறந்தோரும் உளர். புதிய மேற்பார்வையாளர் கிடைத்தாலும், பழையவர் எதை ஏற்றார், எதை நிராகரித்தார் என்பதற்கு எழுத்தில் எதுவுமில்லை. ஆய்வின் வரலாறு சென்றவரின் நினைவிலேயே இருந்தது. ஒரு குழு இருந்து வருடந்தோறும் ஒரு பக்கக் குறிப்பை விட்டுச் சென்றிருந்தால், மேற்பார்வையாளர் வெளியேறினாலும் ஓய்வு பெற்றாலும் மறைந்தாலும் ஆய்வை அறிந்த இருவர் எஞ்சியிருப்பர். அவர்களில் ஒருவரே பொறுப்பை ஏற்கவும் கூடும்.

நமது கல்விச் சமூகம் சிறியது. இங்கு எல்லோரும் எல்லோருக்கும் ஆசிரியர் அல்லது மாணவர் அல்லது உறவினர். சுயாதீனமான மூவரை எங்கே தேடுவது என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்வி. தமிழில் எழுதப்படும் ஆய்வேடுகளுக்கு இந்தச் சிரமம் இரட்டிப்பாகும். ஆனால் கொரோனாத் தொற்றுக் காலம் நமக்கு ஒரு வழியைக் காட்டிச் சென்றுள்ளது. பேராதனையிலிருக்கும் ஒருவர் ஒலுவில் மாணவரின் கூட்டத்தில் இணையவழியில் அமரலாம். யாழ்ப்பாணத்து ஆய்வுக்குத் தமிழ்நாட்டிலிருந்தோ, புலம்பெயர்ந்து ரொறன்ரோவிலோ லண்டனிலோ பணியாற்றும் நமது ஆய்வாளர்களிடமிருந்தோ ஓர் உறுப்பினரைப் பெறலாம். நாட்டை விட்டுச் சென்றவர்களுள் பலர் வருடத்துக்கு இரு மணி நேரம் இங்குள்ள ஒரு மாணவருக்காக ஒதுக்க மறுக்கமாட்டார்கள் என்றே நாம் நம்புகின்றோம். அம்பாறையிலிருந்து கைக்குழந்தையுடன் கொழும்புக்குப் பஸ் ஏறும் ஆய்வு மாணவிகளுக்கும் இதனால் ஒரு பயணம் மிச்சமாகும்.

பழைய பேராசிரியர்கள் சிலர் இதைத் தம் மீதான அவநம்பிக்கையாகக் கருதக் கூடும். "என் மாணவரை நான் பார்த்துக்கொள்வேன்" என்ற குரல் மூதவைக் கூட்டங்களில் எழுவதை ஊகிக்கச் சிரமமில்லை. உண்மையில் நல்ல மேற்பார்வையாளருக்கும் குழு ஒரு கவசமே. உழைக்காத மாணவர் ஒருவர் பின்னர் தம் மீது பழி சுமத்தும்போது, வருடாந்தக் குறிப்புகளே அவருக்குச் சாட்சி. "உமது ஆய்வு போதாது" என்ற கசப்பான சொல்லைத் தனியே சொல்ல வேண்டிய பாரமும் அவரிடமிருந்து நீங்குகின்றது.

இதற்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. உயர் பட்டப்படிப்புப் பீடமொன்று தனது ஒழுங்கு விதிகளில் சில வரிகளைச் சேர்த்து மூதவையின் அங்கீகாரத்தைப் பெற்றாலே போதும். முதற் கூட்டம் பதிவு செய்து ஒரு வருடத்துக்குள் நடக்க வேண்டும். உறுப்பினரின் பெயர்களை மாணவரும் மேற்பார்வையாளரும் சேர்ந்து முன்மொழியலாம். ஆனால் நியமனம் பீடத்தினுடையதாக இருக்க வேண்டும். குறைந்தது ஒருவர் வேறு பல்கலைக்கழகத்தவராக இருக்க வேண்டும். மேற்பார்வையாளர் இல்லாத அந்தப் பத்து நிமிடம் விதியில் எழுதப்பட வேண்டும். கூட்டத்தின் திகதியை மேற்பார்வையாளரோ மாணவரோ அல்லாது பீட அலுவலகமே குறித்து அழைக்க வேண்டும். இல்லையேல் அது ஒருபோதும் கூடாது. புதிதாகப் பதிவு செய்யும் மாணவர்களிடமிருந்து இதை ஆரம்பித்துவிட்டு, ஏற்கனவே ஐந்தாறு வருடங்களாகக் காத்திருப்போரின் பட்டியலைப் பீடங்கள் முதலில் கையிலெடுப்பது நல்லது. அவர்களில் எத்தனை பேர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றனர், எத்தனை பேர் எவருக்கும் சொல்லாமலேயே விட்டுவிட்டனர் என்பதை ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துக் கேட்டால் தவிர அறிந்துகொள்ள வழியில்லை.